பிராக்கெட் கலர்

திருப்பூரில் ஒருவருக்குப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கடைவீதியில் நின்று பழனிச்சாமி என்று கூப்பிட்டால் பாதிக் கடைகள் திரும்பிப் பார்க்கும். எந்தப் பழனிச்சாமி என்பதைப் பக்கத்திலேயே பிராக்கெட் போட்டுச் சொல்லியாக வேண்டும்.

என் தாய்மாமனும் ஒரு பழனிச்சாமி. ராயபுரத்தில் டி-ஷர்ட் ஏற்றுமதி. தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ஆபீசுக்கு ஈ-மெயில் வந்தது. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த கையோடு நானும் வந்தேன். (யாரும் கூப்பிடவில்லை.) வருகிற மெயில்களின் முகவரியைப் படித்து, எது யாருக்கு என்று பிரிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மெயில் வரும் ஆபீசுக்கு அது எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அனுப்புகிறவர் பெயராக வெறும் பழனிச்சாமி என்று போட்டிருந்தேன். மாமா எட்டிப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, இப்படிப் போட்டா ஜெர்மன்காரனுக்கு ஆருன்னு தெரியும்?"

சரி என்று பழனிச்சாமி, பிராக்கெட்டில் ராயபுரம், அதற்குள் இன்னொரு பிராக்கெட்டில் சோமனூர்க்காரர் மருமகன் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். பெயருக்கான கட்டம் சிறியது. மருமகனோடு இடம் தீர்ந்தது. மூடும் பிராக்கெட்டுகள் வெளியே நின்றுவிட்டன. நான் கவனிக்கவில்லை.

என் புரோகிராமோ, திறந்த பிராக்கெட்டைக் கண்டால் மூடுவதைத் தேடிப் போகும். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை. அதனால் முதல் எழுத்துக்குத் திரும்பி, மறுபடி தேடும். மறுபடி, மறுபடி.

எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மன் பையருக்கு இரண்டு துண்டுத் துணி அனுப்பியிருந்தோம். ஒன்று வெளிர் கத்தரிப்பூ நிறம், மற்றது கத்தரிக்காய் நிறம். எது வேண்டும் என்று நாள் குறித்து மெயிலில் சொல்வதாக இருந்தார்கள். உடனே சாயம் ஏற்றினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்க முடியும்.

குறித்த நாள் காலையில் மோடம் கீச்சிட்டு இணைந்தது. மெயில் வந்தது. பையர் 'ரிப்ளை' அமுக்கியிருந்ததால் மாமாவின் மூடாத பிராக்கெட்டுகளும் முகவரியோடு அப்படியே திரும்பி வந்தன. திரை உறைந்தது.

"என்ன மாப்ளே, வந்துச்சா?"

"வந்துட்டே இருக்குதுங்க மாமா. அமெரிக்காவுல சர்வர் ஸ்லோ."

(ஜெர்மனிக்காரர் மெயிலுக்கு அமெரிக்காவை ஏன் இழுத்தேன் என்று இன்றும் தெரியாது.)

அணைத்துப் போட்டேன். அது எழுந்து, அதே மெயிலை எடுத்து, அதே பிராக்கெட்டைத் தேடிப் போனது. மாமா உட்காரவில்லை. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். என் தோள் வழியாகத் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி நடந்தார். சாயப்பட்டறை இப்ராஹிம் பாய் மொபெட்டிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்க, எப்ப போன் போட்டாலும் எங்கேஜ்டு! மெசின் சும்மா நிக்குதுங்க. இப்பச் சொல்லலீன்னா பெருமாநல்லூர்க்காரர் துணிய ஏத்தீருவேன்."

(இருந்தது ஒரே லைன். அதை மோடம் பிடித்துவைத்திருந்தது.)

மாமா என்னிடம் திரும்பினார். "படிச்சவன் நீதான? எந்தக் கலருன்னு நீயே சொல்லு."

"கத்தரிக்காய்தானுங்க மாமா. அவங்க ஊரு குளிரு. டார்க்தான் கேப்பாங்க."

பாய் போனார். மத்தியானம் மாமா பொறுமையிழந்து மோடம் வயரைப் பிடுங்கினார். அந்த நொடியே போன் அடித்தது. பையரின் சென்னை ஏஜெண்ட்.

"காலையிலேர்ந்து லைனே கிடைக்கல சார். லைட் கலர் ஓகேன்னு மெயில் வந்திருக்குமே?"

ஸ்கூட்டரில் பறந்தோம். பாய் துணியை விரித்துக் காட்டினார். அப்பழுக்கில்லாத கத்தரிக்காய்.

"வெளுப்பா இருந்தா டார்க் பண்ணிக் குடுத்துருவேனுங்க. இத வெச்சு என்ன பண்றது? சாம்பார்தான் வெக்கோணும்."

கப்பல் போய்விட்டது. மாமா புதுத் துணிக்குச் சாயம் ஏற்றி, தைத்து, விமானத்தில் அனுப்பினார். இப்படி ஒரு கோணல் முகவரியை அனுப்பியே எதிரியின் மெயிலை முடக்கலாம் என்று பிற்பாடு படித்தேன். எங்களுக்கு எதிரி தேவைப்படவில்லை.

கத்தரிக்காய்த் துணி முழுக்க டி-ஷர்ட்டாகிச் சொந்தக்காரர்களுக்குப் போனது. அந்தப் பொங்கல் போட்டோவில் எங்கள் குடும்பம் காய்த்துத் தொங்கும் கத்தரித் தோட்டம் போல நிற்கிறது. அந்த நிறத்துக்கு எங்கள் வீட்டில் இன்றும் பிராக்கெட் கலர் என்றுதான் பெயர்.

அதே மாமா பின்னால் தன் மகளை எனக்குக் கட்டிக்கொடுத்தார். முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன இடத்தில் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"எந்தக் கலரு வேணும்னாலும் எடுத்துப் போடுங்க. மாப்பிள்ளைகிட்ட மட்டும் கேட்டுப்போடாதீங்க."

என் மனைவி இப்போதும் எந்த ஜவுளிக் கடைக்குப் போனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறாள்.