குட்டை குடித்த எண்ணெய்

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, நம் ஊர்
சுபானு வருஷம், ஆவணி மாதம்

சூரமங்கலத்தில் மலேரியா இலாகா மேஸ்திரியாக அமர்ந்து, கண்ட குட்டையிலெல்லாம் எண்ணெய் வார்த்துப் புகழோடு விளங்கும் என் அக்காள் மகன் கண்ணுசாமிக்கு, தாய்மாமன் பச்சமுத்து அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உம் அத்தை வள்ளியாத்தாளும், மகள் உண்ணாமலையும், எருமையும் க்ஷேமம். என் மீசையில் இடது பாதி மட்டும் க்ஷேமமில்லை. அவ்விடம் அக்காளின் க்ஷேமத்தைத் தெரிவிக்கவும். உம்முடைய க்ஷேமத்தைப் பற்றி இப்போது எனக்கு அக்கறையில்லை. காரணம் கீழே வருகிறது.

நம் ஊர்க் குட்டையில் கொசு முட்டையிடுகிறது, அதனால்தான் ஜுரம் வருகிறது என்று சொல்லி உம் ஆட்கள் வாராவாரம் வந்து கறுப்பாக ஓர் எண்ணெயை ஊற்றிப் போகிறார்கள் அல்லவா? தண்ணீர்மேல் எண்ணெய் ஆடை கட்டினால் கொசுப்புழு மூச்சு முட்டிச் சாகும் என்பது உம் சாஸ்திரம். சாகட்டும், யார் வேண்டாமென்றது! ஆனால் இந்த உலகச் சண்டை வந்ததிலிருந்து சீமெண்ணெய்க் கடையில் கால்கடுக்க நின்று பாதி நாள் வெறும் போத்தலோடு திரும்புகிற ஊரில், எண்ணெயைக் கொண்டுவந்து தண்ணீரில் ஊற்றுகிற புத்திசாலிகளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். உம் ஆட்கள் வேலியைத் தாண்டியதும் ஊரே குட்டையில் இறங்கிவிடும். பழைய வேட்டியைத் தண்ணீர்மேல் விரித்து, ஊறியதும் சுருட்டிச் சட்டியில் பிழிந்துகொள்வார்கள். உம் அத்தைதான் இதில் முதல் ஆள். அடுத்த வாரம் உம் ஆள் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, போட்ட எண்ணெய் பூராம் எங்கீங்க போச்சு? இந்தக் குட்டை இப்பிடிக் குடிக்குதே!" என்று வாயைப் பிளந்தான். ஊருக்குப் பெரியவன் என்ற முறையில் நான், "ஆமாங்க, பழைய குட்டைங்க, ரொம்பக் குடிக்கும்" என்று சாட்சி சொன்னேன். அதை அப்படியே மேலிடத்துக்கு எழுதிப்போட்டு இப்போது இரட்டிப்பாக ஊற்றுகிறார்கள். உம் இலாகாவின் அறிவுக்கு இது ஒன்றே போதும். இவ்வளவு ஊற்றியும் கொசு குறையவில்லை, போன மாதம் எனக்கே குளிர்ஜுரம் கண்டு கட்டிலோடு ஆடினேன் என்றால், அந்த எண்ணெய் எவ்வளவு மட்டமானது என்று நீரே யோசித்துப் பாரும்.

விளக்கெரிக்கவாவது லாயக்கா என்றால் அதுவும் இல்லை. தண்ணீர் கலந்திருப்பதால் படபடவென்று பொரிகிறது. வெளிச்சம் மிளகளவு, புகை மலையளவு. காலையில் மூக்கைச் சிந்தினால் கரி, இருமினால் கரி. பேன் ஒழியும் என்று உம் அத்தை தலையில் தேய்த்துக்கொண்டாள். தோல்தான் உரிந்தது, பேன்கள் சௌக்கியமாக இருக்கின்றன. இதையெல்லாம் சித்திரையில் நீர் வந்திருந்தபோது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே ஆரம்பித்தீரே ஓர் உபந்நியாசம்! மண்ணுக்குள்ளிருந்து எடுக்கிற எண்ணெய் ஒன்றுதானாம். அதைக் காய்ச்சினால் முதலில் ஆவியாக எழும்புவது பெட்ரோலாம், அடுத்தது சீமெண்ணெயாம், அதற்கும் பிறகு இந்தத் தடித்த மலேரியா எண்ணெயாம், அடியில் தங்குவது ரோட்டில் போடுகிற தாராம். எல்லாமே கரியும், ஹைட்ரஜன் என்கிற ஜலவாயுவும் கைகோத்த சங்கிலியாம். சங்கிலி குட்டையாக இருந்தால் காற்றில் பறக்குமாம், நீளமாக இருந்தால் பிசுபிசுவென்று படுத்துக்கொள்ளுமாம். உண்ணாமலை கதவோரம் நின்று சோறு பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் நாற்றம் பிடித்தவனுக்கு என் பெண்ணைக் கொடுக்கமாட்டேன் என்று, உமக்குப் பெண் கேட்ட அக்காளுக்கு நான் சொல்லியனுப்பியது எவ்வளவு சரி என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிபாளையத்திலிருந்து காளியப்பன் என்பவர் தம் மகனுக்கு உண்ணாமலையைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். ஆற்றங்கரையில் நஞ்சை, ஓட்டு வீடு. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போய்விட்டன. இதுவும் போனால் என்ன செய்வேன் என்று நான் சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது. காலையில் வரவேண்டியவர்கள், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரிவண்டி பஸ்ஸை ஒவ்வொரு மேட்டிலும் இறங்கித் தள்ளிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெண்ணைக் காட்ட வெளிச்சம் வேண்டுமே! மலேரியா எண்ணெயில் காட்டினால் பெண்ணும் எருமையும் ஒரே நிறமாகத் தெரியும். என்னிடம் ஒரு போத்தல் பெட்ரோல் இருந்தது, ஒரு கார் டிரைவருக்குச் சேவல் கொடுத்து வாங்கியது. அப்போதுதான் உம் சாஸ்திரம் என் மண்டையில் ஏறியது. பெட்ரோல் ரொம்ப மெல்லிசு, மலேரியா எண்ணெய் ரொம்பத் தடிப்பு, நடுவில் இருப்பது சீமெண்ணெய். கொதிக்கிற தண்ணீரில் பச்சைத் தண்ணீரை விளாவினால் குளிக்கப் பதமாக வருகிறதில்லையா? அதேபோல இரண்டையும் விளாவினால் சீமெண்ணெய்தானே வரவேண்டும்? விளாவினேன். உண்ணாமலை மட்டும், "அப்பா, மெல்லிசு காத்துல பறக்கும்னு மச்சான் சொன்னாருங்களே. பறக்கறதுகிட்டத் தீயக் கொண்டுபோலாமுங்களா?" என்றாள். "நீ போயிப் பூ வெச்சுக்க சாமி" என்று சொல்லிவிட்டுக் குச்சியைக் கிழித்தேன்.

பிறகு நடந்ததைக் கேளும். திரியைத் தொடுவதற்கு முன்பே தீ பாய்ந்து வந்து என் பாதி மீசையைத் தின்றது, நான் விளக்கை விட்டேன், அது உருண்டு எண்ணெய் கொட்டித் தரையெல்லாம் எரிந்தது, அந்த வேகத்தில் காளியப்பனின் தலைப்பாகை முனையும் பற்றிக்கொண்டது. உம் அத்தை ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். குட்டையில் மிதந்த எண்ணெய் வீட்டில் மட்டும் மூழ்குமா? எரிகிற எண்ணெய் தண்ணீர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நேரே மாப்பிள்ளைப் பையனின் காலைப் பார்த்து ஊர்வலம் வந்தது. அவன் ஜன்னல் கட்டையில் ஏறிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அலறினான். உண்ணாமலைதான் ஈரச் சாக்கைத் தீயின்மேல் போட்டு அமுக்கி, காளியப்பனின் தலைப்பாகையைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்து அணைத்தாள். ஆக, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, சம்பந்தியின் தலைப்பாகையை அவள் மிதித்ததை மட்டும் பார்த்தார்கள். "நல்லா இருக்குதுங்க உங்க மருவாதி" என்று சொல்லிவிட்டு இருட்டிலேயே போய்விட்டார்கள். புகையில் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. மகளின் வாழ்வு போயிற்றே என்று நெஞ்சு வேகிறது.

இத்தனைக்கும் காரணம் நீர்தான். ஆகையால் நம் குட்டையில் இனி ஒரு சொட்டு எண்ணெய் விழக்கூடாது. மீறினால் கலெக்டருக்கு மனுப்போடுவேன். நீரும் இனி என் வாசற்படி மிதிக்க வேண்டாம். அர்த்தநாரீசுவரர் கிருபையால் நீர் தீர்க்காயுசாக, தூரமாக, சுகமாக இருக்கவும்.

இப்படிக்கு,
பச்சமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது காளியப்பனின் ஆள் வந்துவிட்டான். அவர்களுக்குச் சம்மதமாம்! இந்தப் பஞ்சத்தில் தரையெல்லாம் ஊற்றி எரிக்கிற வீட்டில் எண்ணெய்க்கு என்ன குறை, மருமான்வேறு எண்ணெய் உத்தியோகம், ஆகவே சீரோடு மாதாமாதம் ஒரு டின் சீமெண்ணெய் அனுப்பினால் போதுமாம். நானும் சந்தோஷத்தில் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உண்ணாமலை வெளியே வந்து, "ஏனுங்க, எண்ணெய்க்காவத்தான் கண்ணாலமுன்னா, நான் குட்டையில எண்ணெய் ஊத்தற மச்சானையே கட்டிக்கறேனுங்க. அவரு என்னத் தவிர ஒண்ணுங் கேக்க மாட்டாரு" என்றாள். வந்தவன் செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டான். நான் அவளைத் திட்டத்தான் போனேன். ஆனால் அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் இதுவரை பார்த்ததில்லை, திட்ட வரவில்லை. காகிதம் கிடைக்காத காலம் என்பதால் மேலே உள்ளதைக் கிழிக்க மனமில்லை, நீர் படிக்காமல் விட்டுவிடவும். எண்ணெய் நாற்றம் என்று எழுதியிருப்பது கைப்பிழை. அக்காளை அழைத்துக்கொண்டு இந்த வெள்ளிக்கிழமையே வாரும் மாப்பிள்ளை. எண்ணெய் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். பட்டப்பகலில் வந்தால் போதும்.