ஓ 26.13 என்று என் மகளுக்கு நம்பர் போட்ட மாப்பிள்ளைக்கு

கோட்டுச்சேரிமேடு,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கவியரசன் அவர்களுக்கு, மாமனார் பஞ்சநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தை குஞ்சம்மாளும், உங்கள் மனைவி பாரதியும், அவள் வயிற்றிலுள்ள எட்டு மாதத்து உயிரும் நலம். நலம் என்று நான் வாயால் சொன்னால் நீங்கள் அத்தாட்சி கேட்பீர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தது. அங்கே உங்கள் நலத்துக்கும் நலத்தின் நம்பருக்கும் பதில் எழுதவும்.

நேற்று போனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, எங்க ஃபீல்டுல ஒரே ரூல்தான். எழுதி வைக்கலன்னா அது நடக்கவே இல்ல." ஆகா! நாற்பது வருஷம் கடலுக்குப் போனவன் நான். ஒரு நாளையும் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் நான் கடலையே பார்த்ததில்லை போலிருக்கிறது. உங்கள் கல்யாணத்துக்கு ஆல்பம் இருக்கிறது, நீங்கள் தப்பித்தீர்கள். சரி, எழுதினால்தான் நடந்தது என்றால் எழுதிவிடுகிறேன். அல்லி இதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். எதிர்வீட்டுப் பெண், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கமாட்டாள்.

நீங்கள் சென்னையில் ஏசியில் உட்கார்ந்து, மெடிக்கல் கோடிங் என்று அமெரிக்காக்காரர்களின் வியாதிக்கெல்லாம் நம்பர் போடுகிறீர்கள். வாத்து கடித்தால் ஒரு நம்பர், அதே வாத்து முட்டினால் வேறு நம்பர் என்று மறுவீட்டு விருந்தில் நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். படித்த பிள்ளை, ஏதோ பிழைப்பு, வாத்தோடு போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் பாரதி தன் கர்ப்பிணி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினாளே, தூங்குறியா, சாப்டியா, கால் வீங்குதா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? பதிலுக்கு வந்தது "ஓ 26.13". விசைப்படகுக்குத்தான் நம்பர் எழுதுவார்கள் மாப்பிள்ளை, பெண்டாட்டிக்கு எழுதமாட்டார்கள். அர்த்தம் கேட்டால், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் எடை போதுமான அளவு கூடாமை என்கிறீர்கள். இதையே எங்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட "புள்ள எளைச்சிருக்கு" என்று இரண்டு வார்த்தையில் சொல்வார்கள். அதற்குச் சம்பளமும் வாங்கமாட்டார்கள்.

அதோடு விட்டீர்களா? வெள்ளிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வந்து அவளைச் சென்னைக்கு அழைத்துப் போகிறீர்களாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது உங்கள் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை போலிருக்கிறது. போலகத்திலிருந்து உங்கள் அம்மா அதற்குள் போன் போட்டு, "புள்ளைக்குக் கஞ்சியாவது ஊத்துறீங்களா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், தெருவே கேட்டது. மீன்காரன் வீட்டில் பெண் பட்டினி கிடக்கிறாள் என்று பெயர் வாங்கினால் நான் எந்த முகத்தோடு துறைமுகத்துக்குப் போவேன்? அந்தப் பெயரோடு அவள் இந்த வாசலைத் தாண்டக்கூடாது.

இப்போது நடந்ததை எழுதுகிறேன், நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் போலகத்தில் உங்கள் வீட்டில் வளைகாப்பு. அன்றைக்குப் புதன், சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். வாடகை ஆட்டோதான் இருக்கிறதே, வளைகாப்பு முடிந்து திரும்புகிற வழியில் எடை பார்த்துவிடலாம் என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன். பட்டுப்புடவை, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், கழுத்தில் மாலை, தலையில் சடை முழுக்கப் பூ. அதுவும் போதாதென்று உங்கள் அம்மா கையாலேயே அவள் மடியில் கட்டிய தேங்காயும் பழமும். அதோடு அப்படியே எடை மெஷினில் ஏறினாள். அறுபத்து நான்கு கிலோ. நர்ஸ் ஷர்மிளாவுக்குக் கூட்டத்தில் மாலை எது மனுஷி எது என்று தெரியவில்லை, எழுதிவிட்டாள். இந்த மாதம் நைட்டியோடு போனாள். அறுபத்து இரண்டரை. "எடை குறைந்துள்ளது" என்று சிவப்பு மையில் ஒரு கோடு. குறைந்தது தேங்காய் மாப்பிள்ளை! தேங்காய்க்கு உங்களிடம் நம்பர் உண்டா?

இதை நிரூபிக்க இன்று காலை அவளைத் துறைமுகத்துக்கே அழைத்துப் போய், ஏலத்துக்கு மீன் எடை போடும் மெஷினில் நிற்க வைத்தேன். அவள் "வேணாம்ப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். பார்க்கட்டும் என்றுதானே போனேன். சேலை, நகை, அதே அளவு தேங்காய், எல்லாம் திட்டமாக. எடை போடும் தங்கப்பன் முள்ளைப் பார்த்து "அறுவத்தஞ்சர" என்று கத்திவிட்டு, பழக்கதோஷத்தில் "பெட்டிக்கும் ஐசுக்கும் ரெண்டு கிலோ கழிவு" என்று அறுபத்து மூன்றரை எழுதினான். என் பெண்ணில் ஐஸ் எங்கேடா இருக்கிறது என்று நான் கேட்க, கழிவு போடாமல் எழுதினால் வியாபாரிகள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று அவன் சொல்ல, பாரதி தேங்காயோடு இறங்கி ஆட்டோவில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆக, ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறாள். எழுதிவிட்டேன், நடந்துவிட்டது.

சாப்பாட்டையும் எழுதுகிறேன். காலையில் இட்லியும் நேற்றைய மீன் குழம்பும். மதியம் கிழங்கான் மீன் குழம்பு, இறால் வறுவல், முருங்கைக்கீரை. சாயங்காலம் முட்டை, பால். நானே நின்று தட்டில் பரிமாறுகிறேன். கழுவின தட்டு மாதிரி திரும்பி வருகிறது. இப்படிச் சாப்பிடுகிறவளை அமெரிக்காக்காரன் வியாதியில் சேர்ப்பது என்ன நியாயம்? வெள்ளிக்கிழமை காரோடு வரவேண்டாம். வந்தால் நான் டயரில் காற்றைப் பிடுங்கமாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது.

மற்றபடி உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம், கொஞ்சம் குறைவாக. தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிய மாரியம்மன் துணை இருக்கட்டும். நீங்கள் நீண்ட ஆயுளோடு, நிறைய வாத்துகளோடு வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பஞ்சநாதன்.

பின்குறிப்பு: அல்லி போட்டோ எடுக்க வருவதற்குள், தேங்காயைக் கழித்து அட்டையில் திருத்தி எழுதச் சொல்லலாம் என்று பாரதியைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா தேங்காயைக் கழித்தார். பிறகு டேப் வைத்து வயிற்றை அளந்தார். ஸ்கேனுக்கு அனுப்பினார். பிள்ளை இருக்கவேண்டியதைவிடச் சின்னதாக இருக்கிறதாம். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் வாராவாரம் பார்க்கவேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றார். "என்னம்மா சாப்புடுற?" என்று கேட்டார். நான் பட்டியல் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் அழுதுவிட்டாள். ஒரு மாதமாக நெஞ்செரிச்சலாம், இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லையாம். மிச்சத்தை அவளும் அவள் அம்மாவும் எனக்குத் தெரியாமல் கொல்லையில் பூனைக்குப் போட்டிருக்கிறார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கத்துவீங்கன்னுதாம்ப்பா" என்றாள். வெள்ளிக்கிழமை வரை இருக்கவேண்டாம் மாப்பிள்ளை, நாளைக்கே காரோடு வாங்க. அவளுடைய துணிமணியை நானே எடுத்து வைக்கிறேன். உங்கள் அம்மாவிடம் நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம். நானே போன் செய்து சொல்கிறேன், கத்தாமல்.