சீல் வைத்த காரும் சனிக்கிழமை ரயிலும்

பேரன்பும் மரியாதையும் கொண்ட மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், உங்கள் காரும் நலம். நீங்களும் மகளும் நலமாக இருந்து, சொன்னபடி வரும் சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. கார் எப்படி நலமானது என்பதைப் போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவீர்கள், பிறகு எனக்குக் கோபம் வரும், அதனால்தான் கடிதம்.

வேலை மாற்றலாகி நீங்கள் புறப்பட்ட அன்று, "மாமா, வண்டியை வித்துடலாம். நின்னா கெட்டுப்போயிடும், இல்லாட்டி டைமுக்கு சர்வீஸாவது விடணும்" என்றீர்கள். நான்தான் விற்க விடவில்லை. கார் இங்கே நின்றால், அதைப் பார்க்கவாவது நீங்கள் இருவரும் வருவீர்கள் என்று ஒரு நப்பாசை. மகள் இல்லாத வீடு அப்படி வெறிச்சோடிக் கிடந்தது, மறைப்பானேன். தவிர, வேலை பார்த்த காலமெல்லாம் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவனிடம் போய் ஒரு சரக்கு கெட்டுப்போகும் என்று சொன்னால் ரோஷம் வராதா? பிரிக்காத சரக்கு புதுச் சரக்கு, இதுதான் எங்கள் கிடங்குச் சட்டம். அதே முறைப்படி காரைத் துடைத்து, சீட்டுக்கு அடியில் அந்துருண்டை போட்டு, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றால் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கிச் சீல் வைத்தேன். காலையில் பல் துலக்கியதும் முதல் வேலையாகப் போய்ச் சீலைப் பார்ப்பேன். "சர்வீஸ் விட்டீங்களா மாமா?" என்று நீங்கள் போனில் கேட்கும்போதெல்லாம், ஓடாத வண்டிக்கு எதுக்கு சர்வீஸ், சாப்பிடாத தட்டை யாராவது கழுவுவாங்களா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, "எல்லாம் கனகச்சிதம் மாப்பிள்ளை" என்று சொல்லிவந்தேன்.

போன வாரம் நீங்கள் வருகிற செய்தி கிடைத்ததும், ஸ்டேஷனுக்குக் காரோடு வந்து நின்று உங்களை அசத்திவிட வேண்டும் என்று சீலை உடைத்தேன். கதவைத் திறந்ததுமே, அந்துருண்டை நெடியில் உங்கள் அத்தை போட்ட தும்மலுக்கு எதிர்வீட்டு டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்துவிட்டார். சாவியைத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை, பேட்டரி செத்துக் கிடக்கிறது. "தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும் சார்" என்று டெய்லர் தைரியம் சொல்ல, அவரும் மாடிவீட்டு டியூஷன் வாத்தியாரும் பேப்பர்காரரும் சேர்ந்து தள்ள, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை, "ஹேண்ட் பிரேக்கை எடுத்தீங்களா சார்?" என்று வாத்தியார் கேட்க, "எடுத்துத்தான்யா இருக்கு!" என்று நான் கத்த, நின்ற இடத்திலேயே பிரேக் துருப்பிடித்து இறுகிப்போயிருப்பது ஒருத்தருக்கும் தெரியாததால் எல்லாரும் இன்னும் மூச்சைப் பிடித்துத் தள்ள, வாத்தியாரின் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். அதற்குள் பானெட்டைத் திறந்த அத்தை "ஐயையோ!" என்று அலறினாள். எட்டிப் பார்த்தால், ஒரு எலி ஒயரையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டு, கந்தல் துணியும் பஞ்சும் சேர்த்து, எஞ்சின் மேலேயே ஜம்மென்று குடித்தனம் நடத்தியிருக்கிறது. நான் வேலை பார்த்தவரைக்கும் என் கிடங்கில் ஒரு எலி வாலாட்டியது கிடையாது மாப்பிள்ளை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். வாயாடி மனுஷர், கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. எஞ்சின் ஆயிலை வடித்தார், தார் மாதிரி கருகருவென்று இறங்கியது. "ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சு சார்?" "வண்டி ஓடவே இல்லையேப்பா!" "ஓடினாலும் ஆயிலுக்கு வயசாகும், நின்னாலும் வயசாகும் சார். இத்தனை கிலோமீட்டர், இல்லேன்னா இத்தனை மாசம்னு இருக்கு. எது முதல்ல வருதோ அப்ப சர்வீஸ் விட்டுடணும்." நான் விடுவேனா? "நின்ன வண்டியில அப்படி என்னய்யா தேஞ்சு போச்சு?" என்று மல்லுக்கு நின்றேன். அப்போதுதான் உங்கள் அத்தை வாயைத் திறந்தாள். "ரிட்டயர் ஆனதுலேருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதே இல்ல. உங்களுக்கு மட்டும் முட்டி ஏன் பிடிச்சுக்குது?" டெய்லர் சிரித்தார், வாத்தியார் ஒற்றைச் செருப்போடு சிரித்தார், "சரிப்பா, ஆயிலை மாத்து" என்றேன் நான்.

புது பேட்டரி, புது ஒயர், புது ஆயில், பிரேக் கழற்றிச் சுத்தம், ஒரே பக்கமாக நின்று சப்பையாகிப்போன டயர்களுக்குப் பதில் வேறு டயர் என்று எல்லாம் ஆயிற்று. இப்போது சாவியைத் தொட்டால் போதும், எஞ்சின் கிண்ணென்று கிளம்புகிறது. சும்மா நிற்க விடாமல் இனி வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். ஆகவே மாப்பிள்ளை, வண்டியை விற்கிற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். சனிக்கிழமை ஸ்டேஷன் வாசலில் காரோடு நிற்பேன். முன்பு மாதிரி கடைசி நேரத்தில் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் உங்கள் அறைக்குப் புது விரிப்பு போட்டுவிட்டு, அப்புறம் அதை மடித்து வைக்கிறபோது உங்கள் அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

நீங்களும் மகளும் எந்தக் குறையும் இல்லாமல், உடம்பையும் அவ்வப்போது டாக்டரிடம் காட்டிக்கொண்டு, நூறு வயசு ஓட வாழ்த்தும்,
மாமனார்

பி.கு.: மேலே 'காரும் நலம்' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். நான் உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், வாரம் ஒரு தடவை ஓட்டணுமே என்று உங்கள் அத்தை காரை எடுத்திருக்கிறாள். அவளிடம் லைசென்ஸ் உண்டு, ஓட்டிப் பழக்கம்தான் இல்லை. ரிவர்ஸில் போய், வாசல் கேட்டையும் கூடவே பெயர்த்துக்கொண்டு தெருவில் நிற்கிறாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, காருக்குத்தான் பின்பக்கமே இல்லை. எனவே சனிக்கிழமை வர வேண்டாம். கார் தயாரானதும் எழுதுகிறேன், அதுவரை பயணத்தைத் தள்ளிப்போடவும்.

பி.கு.வுக்கு பி.கு.: அத்தை எழுதுறேன் மாப்பிள்ளை. அவர் கிடக்கிறார். விரிப்பு போட்டாச்சு. சனிக்கிழமை ஒரு டாக்சி பிடிச்சு நேரா உள்ளே வந்துடுங்க, கேட் திறக்கிற வேலைகூட இல்ல.