பயத்துக்கு வாடகை குறைவு

“முன்னாடி குடியிருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு சொல்லுங்க. அப்புறம் வீட்டைப் பார்க்கிறோம்.”

தரகர் கண்ணை மூடிக்கொண்டார். வழி நெடுக அவர் படித்துப் படித்துச் சொன்னது இந்த ஒன்றைத்தான். “எதை வேணா கேளும்மா, அதை மட்டும் கேட்டுடாதே.” அம்மாவும் அதையே சொல்லி இடுப்பில் கிள்ளியிருந்தாள். டிகிரி கேட்டுவிட்டாள். பரம்பரையிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. பெருமைக்கு வைத்ததுதான், இப்போதெல்லாம் அம்மா வாயில் வசவாகத்தான் வருகிறது.

வீட்டுக்காரர் சாவிக்கொத்தைக் கை மாற்றிக்கொண்டார்.

“ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. ஏன் போறீங்கன்னு நானும் கேட்டேன். வாயே திறக்கல. இப்படிக் காட்டிட்டுப் போயிட்டாங்க.”

கழுத்தில் கை வைத்துக் காட்டினார். அம்மா தன் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி நடக்கலாம் என்றால் போக்கிடம் இல்லை. இருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரிக் காவல் வேலை. ஊராரின் உயிருக்கெல்லாம் அவர் காவல். இருட்டிவிட்டால் அவர் வீட்டில் அம்மாவும் மகளும் தனி. பத்திரமான தெருவில் வாடகை யானை விலை. கட்டுப்படியாகிற தெருவிலோ, தரகரே பர்ஸை உள்பாக்கெட்டுக்கு மாற்றிக்கொள்கிறார்.

“சும்மா பயப்படாதீங்க. கதவைப் பாருங்க, மூணு பூட்டு!” என்றார் தரகர்.

“எதுக்கு மூணு?”

வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். “ரெண்டு பத்தாதுன்னு எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க.”

தரகர் அவசரமாகத் தெருவைக் காட்டினார். “அட, வீட்டுக்கு வீடு நாய் இருக்கும்மா. திருடன் எட்டிப் பார்ப்பானா?”

எல்லா கேட்டிலும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்கியது. ஆனால் ஒரு குரைப்பு இல்லை.

“நாய்ங்க எங்கேண்ணே?”

“அதானே…”

“அதுங்களையும் முடிச்சுட்டானுங்களா?” என்றாள் அம்மா ஈனஸ்வரத்தில்.

பொழுது மங்கிக்கொண்டு வந்தது. வெளிச்சம் வந்தால் பயம் தெளியும் என்று தரகர் மாடிப்படி சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் பல்பே இல்லை.

“போன வாரம்தான் போட்டேன்,” என்றார் வீட்டுக்காரர். “எத்தனை போட்டாலும் ராவோட ராவா மாயமாயிடுது. அதான் நானே இருட்டினா இந்தப் பக்கம் வர்றதில்ல.”

இனி தன் வாய்க்கு மதிப்பில்லை என்று தெரிந்து, தரகர் எதிர்வீட்டு அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

“நீங்களே சொல்லுங்கக்கா, ஏரியா எப்படி?”

“தங்கமான ஏரியா. இருட்டினதுக்கப்புறம் தலையை வெளிய நீட்டாம இருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல.”

“நீட்டினா?” என்றாள் டிகிரி.

அக்கா பெருமூச்சு விட்டாள். வீட்டுக்குள் போய்விட்டாள்.

அப்போதுதான் பின்தெருவிலிருந்து அந்த அலறல் வந்தது. பெண் குரல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நீண்டு, பாதியில் ஒரு இருமலோடு அறுந்தது.

அம்மா தரகரின் சட்டையைப் பிடித்தாள். தரகர் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தார். பிடிக்க ஆள் கிடைக்காத வீட்டுக்காரர் சாவிக்கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“வாடகையில பாதி கொடுங்க, போதும். மூணு வருஷத்துக்கு ஏத்தவும் மாட்டேன். சீக்கிரம் சொல்லுங்க, நான் கிளம்பணும்!”

“வேணாம்டி. பிளாட்பாரத்துல வேணா படுத்துக்கலாம்.”

“பிளாட்பாரத்துக்கு எத்தனை பூட்டும்மா?”

டிகிரிக்கும் பயம்தான். ஆனால் கோபம் அதைவிட ஒரு பிடி உயரமாக நின்றது. ராப்பகலாகப் படித்து, வேலை தேடி, மாடாய் உழைத்து, கடைசியில் எந்தத் தெருவில் சாவது என்று தேர்ந்தெடுக்கத்தான் இத்தனையுமா?

“பயப்படறதுக்கும் வசதி வேணும்மா. நமக்கு அது இல்ல. சார், எடுத்துக்கறோம்.”

சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, அம்மாவை இழுத்தபடி திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள். அவள் கேட்டைத் தாண்டும் முன்பே வீட்டுக்காரரும் தரகரும் ஒரே வண்டியில் பறந்தார்கள்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் எதிர்வீட்டு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு பல்பு.

“எடுத்துட்டியா? நல்லதாப் போச்சு. பயப்படாதே, இந்தத் தெருவுல ஒரு செருப்புகூடத் தொலைஞ்சதில்ல. ஆனா யாருக்கும் வாடகை ஏறக்கூடாதுன்னா, செவ்வாயும் வெள்ளியும் அலறுறது உங்க வீட்டு முறை. பாவம், டீச்சரம்மாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டையே போயிடுச்சு.”