எட்டாவது பெட்டி

வேலையைக் கெடுத்து வேலையை இழந்தவர்கள் ஏராளம். ஒரு வேலையைச் சரியாகச் செய்து, அதனாலேயே அதை இழந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். (பெருமைக்குச் சொல்கிறேன் என்பாள் என் மனைவி அஞ்சலை. அப்படியெல்லாம் இல்லை. கொஞ்சம் உண்டு.)

அப்போது எனக்கு இருபது வயது. சொந்த ஊர் ஏரிக்கு அக்கரையில் பசியாவரம். ஏரிக்கு இக்கரையில், பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையை ஒட்டி, துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் துரையின் வீட்டில் எனக்கு வேலை. கிடங்கில் எலி. எலிக்காகப் பூனை. பூனைக்காக நான். ஊரில் மட்டும் ‘கோட்டை உத்தியோகம்’ என்று சொல்லி வைத்திருந்தேன். என்ன உத்தியோகம் என்று கேட்டவர்களிடம், அதை வெளியே சொல்லக்கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொள்வேன். அந்த முகத்தைப் பார்த்துத்தான் என் தாய்மாமன் தன் மகள் அஞ்சலையை எனக்குக் கொடுக்கச் சம்மதித்தார். கோட்டை வேலை இருக்கிறவரைக்கும்தான் இந்தப் பேச்சு என்று வெற்றிலை மாற்றும்போதே சொல்லிவிட்டார்.

துரைக்கு மனசு இளகி, கிடங்குப் பூனைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்துவிட்டன. மொத்தம் ஏழு. ஏழும் மூத்திரம் போகாத இடம் அந்த வீட்டில் கூரை மட்டும்தான். தலையணை, பூட்ஸ், துரை ஜெபம் செய்யும் புத்தகம் எதுவும் தப்பவில்லை. விருந்துக்கு வந்த ஒருவர் சாப்பிடாமலேயே எழுந்து போனார். கடைசியில் துபாஷி ஐயா என்னைக் கூப்பிட்டார். துரை பேசுவதை எங்களுக்கும் நாங்கள் பேசுவதைத் துரைக்கும் சொல்கிறவர் அவர். நாகப்பட்டினத்திலிருந்து பெரிய துரை ஒரு மாதத்தில் வருகிறார், அதற்குள் நாற்றம் நிற்காவிட்டால் முதலில் நீ போவாய், அப்புறம்தான் பூனைகள் என்றார்.

நான் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. மீன் தலையைப் போட்ட இடத்துக்குப் பூனை வரும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஒரு மரப்பெட்டியில் மணலைக் கொட்டி, சுற்றிலும் கெளுத்தித் தலைகளை அடுக்கினேன். ஏழும் வந்தன. தலைகளைத் தின்றன. மீசையை நக்கிக்கொண்டு நேராகத் துரையின் கட்டிலுக்குப் போய் நனைத்தன. இப்படியே பத்து நாள், விதவிதமான மீனோடு. என்னைப்போல மூளையுள்ளவன் பசியாவரத்தில் அதற்குமுன் பிறந்ததில்லை.

அஞ்சலை ஏரித் தண்ணீரில் கையால் தடவிப் பிடித்த எறாவைப் பறிக் கூடையோடு பின்வாசலுக்கு விற்க வருவாள். வேறு வழியில்லாமல் அவளிடம் என் உத்தியோகத்தின் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“துன்ற எடத்துல நீ போவியா மச்சான்?” என்று கேட்டாள். “ஏழுக்கு ஒரே பொட்டி இன்னாத்துக்கு ஆவும்? ஆளுக்கு ஒண்ணு வையி. தெனம் மணலை மாத்து.”

சாராயக் குப்பிகள் வந்த ஏழு பெட்டிகளை வாங்கி, வெயில் படும் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தேன். முகத்துவாரத்து வெள்ளை மணலை மாவுபோலச் சலித்து நிரப்பினேன். மீன் தலை கிட்டத்திலேயே இல்லை. மூன்றாவது வாரம் ஏழும் பெட்டிக்குப் போயின. கட்டில் காய்ந்தது. துரை என் தோளில் தட்டினார். அன்றைக்கு நான் படகிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்த நடையைப் பார்த்தவர்கள் கோட்டையே எனக்குச் சொந்தம் என்று நினைத்திருப்பார்கள்.

பெரிய துரை வந்து இறங்கினார். அவர் பெட்டியில் படகின் ஈரம் ஏறியிருக்கிறது, திறந்து வெயிலில் வை என்றார் துபாஷி ஐயா. திறந்தேன். உள்ளே மெத்தைபோல வெள்ளை மாவு, அதில் ஒரு டோப்பா. பெரிய மனிதர்கள் தலையில் வைக்கும் பொய்முடி அது, மாவு அதன்மேல் தூவுவதற்கு என்று தெரியும். வீட்டிலேயே நல்ல வெயில் விழும் இடம் தாழ்வாரம். ஏழு பெட்டிகளுக்கு அடுத்து ஒரு பெட்டி வைக்க இடமும் இருந்தது. வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மாலை விருந்தில் பெரிய துரை டோப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கடும் ஜலதோஷம். மற்ற யாருக்கும் இல்லை. எங்கள் துரை துபாஷியைப் பார்த்தார், துபாஷி என்னைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி என்று மெல்லச் சொன்னார். நான் சொன்ன வேலையைச் செய்கிறவன். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஜன்னல், திரைச்சீலை, மேஜை, நாற்காலி என்று மோந்துகொண்டே போனேன். நாற்றம் கூடக்கூட உற்சாகமும் கூடியது. நின்றபோது என் மூக்குக்கும் பெரிய துரையின் தலைக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இருந்தது.

கண்டுபிடித்தாயா என்றார் துபாஷி.

“தலைலருந்து வருது ஐயா.”

அவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. பெரிய துரை டோப்பாவைக் கழற்றி, ஜலதோஷ மூக்கருகே வைத்து ஒருமுறை இழுத்தார். பிறகு மொட்டைத் தலையோடு எழுந்து போனார். விருந்து முடிவதற்குள் நான் வாசலுக்கு வெளியே இருந்தேன். படகில் ஏறும்போது நினைவெல்லாம் அஞ்சலைமேல்தான் இருந்தது.

செய்தி எனக்கு முன்னால் அக்கரை சேர்ந்திருந்தது. மாமன் நாலு பேரைக் கூட்டி, பேச்சு முறிந்தது என்றார். அஞ்சலை பறியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“பொட்டி வைக்கச் சொன்னது நாந்தான் நைனா. வேலை போனதுல பாதி எம்மேல. ஏழு பூனைய ஒரே வரிசைல ஒக்கார வச்ச ஆளு, ஒருத்திய வச்சி காப்பாத்த மாட்டாரா?”

மாமன் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாள் பார்க்கச் சொன்னார். அந்தத் தையில் கல்யாணம் நடந்தது. நான் எறா பிடிக்கப் போனேன்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து பூனையே கிடையாது. ஆனாலும் விருந்தாளி யாராவது தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்தால், அஞ்சலை பேச்சை நிறுத்தாமலேயே அதை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்ளும். மாமன் மட்டும் அவளுக்கு அந்தச் சிரமம் கொடுத்ததில்லை. சாகும்வரைக்கும் அவர் எங்கள் வீட்டில் தலைப்பாகையைக் கழற்றவே இல்லை.