ஓவர்லாக் அக்காவுக்கு நான் தைத்த போர்வை

கண்ணில் பட்ட துணியைத் தைக்காமல் விட்ட வரலாறு எங்கள் ஓவர்லாக் அக்காவுக்குக் கிடையாது. நல்லூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் சாம்பிள் தைப்பவர் அவர். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் நம் ஓரத்தையும் மடித்து ஒரு தையல் போட்டுவிடுவார் என்று பயந்தே எல்லோரும் வேகமாக நடப்போம். டீ கேனுக்கு உறை, மேனேஜரின் ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை, ஃபேன் ரெகுலேட்டருக்குக்கூட பூப்போட்ட உறை. அதற்குப் பிறகு ஃபேன் எந்த நம்பரில் ஓடுகிறது என்பது அவருக்கே தெரியாது.

டிசம்பர் வந்தால் இன்னும் மும்முரம். கட்டிங் டேபிளில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப் போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, கிறிஸ்துமஸுக்கு ஐந்தாறு பேருக்கு மெத்துமெத்தென்று போர்வை தைத்துக் கொடுப்பார். ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் ஓகே சொன்ன சாம்பிள் டீ-ஷர்ட்டைக் காணவில்லை. இரண்டு நாள் தேடினோம். அது வாட்ச்மேனுக்குப் போன போர்வையில் மூன்றாவது வரிசையில் இருந்தது. கலர் சரிபார்க்க அவர் வீட்டு வாசலில் ஒரு முனையை நானும் மறுமுனையை அவர் மனைவியும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

நான் அங்கே க்யூ.சி. கால் இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் துணியைத் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அந்த வருஷம் போர்வை எனக்கு வந்தது. நீலமும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருந்தது. நன்றி சொல்லியிருக்கலாம். கை என்னைக் கேட்காமலே இஞ்ச் டேப்பை எடுத்துவிட்டது.

"அக்கா, இந்தப் பக்கம் முக்கால் இஞ்ச் கம்மியா இருக்குதுங்க."

மெஷின்கள் நின்றன. கரண்ட் போனால்கூட அந்த ஹாலில் அப்படி ஓர் அமைதி வந்ததில்லை.

"அப்படீங்களா சார்? அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்க எனக்கு ஒண்ணு தெச்சுக் குடுங்க. பாத்துக் கத்துக்கறேனுங்க" என்றார் அக்கா.

வீட்டில் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, ஆசையாக் குடுத்ததைப் போயி அளந்தா பாப்பாங்க?"

அன்றிலிருந்து அக்கா என்னிடம் வேலைப் பேச்சு தவிர வேறு பேசவில்லை. மத்தியானம் என் டிபன் பாக்ஸ் மூடியில் வந்து விழும் அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்பும் நின்றுபோனது. பத்து மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், அக்கா கேட்ட போர்வையைத் தைக்க, துண்டுத் துணிகளோடு காலி மெஷினில் போய் உட்கார்ந்தேன்.

பெடலை மிதித்ததும் துணி என் கையைவிட்டுப் பறந்தது. தையல்காரர்கள் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். பீகார் தையல்காரர் ஒருவர் பதறிப்போய், "தீரே, தீரே" என்று கத்தினார். மெதுவாக மிதி என்கிறார். எனக்கோ 'தீரவே தீராது' என்கிறார் என்று பட்டது. அதுவும் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் என் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டு எழுந்தேன். போர்வையும் கூடவே எழுந்தது.

அக்காதான் கத்திரியோடு வந்தார். "போர்வைக்குள்ள ஆளை வெச்சுத் தெக்கறது எந்த ஊர் ஆர்டருங்க சார்?" என்றபடி நூலை வெட்டிவிட்டார். பத்து மாதத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வெட்டிப் பேச்சு அது. சட்டை போனாலும் சந்தோஷமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொடுத்தேன். சதுரமாக ஆரம்பித்தது, கடைசியில் ஐந்து மூலையோடு வந்து நின்றது. ஒரு பக்கம் பஞ்சு பந்தாகத் திரண்டிருந்தது.

"கோணலாத்தான் இருக்குதுங்கக்கா. எனக்கே தெரியுது."

அக்கா விரித்துப் பார்த்தார். தையலைத் தடவினார்.

"இத்தன வருசத்துல எனக்குன்னு ஒருத்தரும் ஒண்ணு தெச்சுக் குடுத்ததில்லீங்க சார்."

அதைத் தோளில் போர்த்திக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தார். மத்தியான வெயிலில் தகரக் கூரை தகித்தது. அக்காவின் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டே இருந்தது. எடுத்து வையுங்கக்கா என்று சொல்லத்தான் அவர் பக்கத்தில் போனேன். சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.