மேலெழாத உலர்திராட்சைகள்

லௌகாவார,
மே 4

பெருமதிப்பிற்குரிய அத்தான் ஆல்வார் அவர்களின் திருமுன் ஈவாரி பணிவுடன் எழுதுவது.

தாங்களும் என் தமக்கையாரும் நலமே வாழ்வீர்கள் என நம்புகிறேன். வெயில் தலைகாட்டிவிட்டதால் தமக்கையாரின் முழங்கால் வலி தணிந்திருக்கும். தங்கள் மருந்துக்கடையும் தழைத்திருக்கும். இங்கே ஏரியின் பனிக்கட்டி உடைந்துவிட்டது. என் மனைவி சைமா நலம். பசு நலம். நான் நலமில்லை. மூன்று நாள்களாகச் சன்னல் திரையைப் பற்றிக்கொண்டு நிற்கிறேன். சாலையில் மிதிவண்டி மணி ஒலித்தால் காவலர் ஓத்தோ என்னைப் பிடிக்க வருகிறார் என்று திரைக்குப் பின் குனிகிறேன். தபால்காரர் கடந்துபோன பிறகும் நிமிர்வதில்லை. சைமா சொல்கிறாள்: "கோழி திருடினவன் கூட இப்படி ஒளிஞ்சு பாக்க மாட்டான். வந்து கஞ்சியக் குடிங்க." கஞ்சி இறங்கவில்லை, அத்தான்.

விடியல் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவனாக முப்பத்தோராண்டுகள் நான் முழங்கியது தங்களுக்குத் தெரியும். மதுவின் கொடுமையை நான் மரம் அறுக்கும் ஆலையில் பேசினேன். மீன் சந்தையில் பேசினேன். கேட்பாரற்ற குளிர்காலத்தில் படகுத்துறையில் கட்டிக்கிடந்த படகுகளிடமும் பேசினேன். ஒரு துளியும் என் நாவைத் தீண்டியதில்லை என்பதே என் பேச்சின் முதுகெலும்பு. அந்த முதுகெலும்பு மே முதல் நாள் பிற்பகல் மூன்று மணியளவில் முறிந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். அதை அறுதியிட்டுச் சொல்ல வல்லவர் என் சுற்றத்தில் தாங்கள் ஒருவரே.

மே விழாவுக்குச் சீமா ஊறவைக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் என்னுடையது. வெந்நீர், சர்க்கரை, எலுமிச்சை, ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் நொதி ஒரு கிள்ளு. பள்ளிப் பிள்ளைகளும் பருகும் பானம். புட்டியில் ஊற்றி நான்கைந்து உலர்திராட்சைகளைப் போடுவோம். அவை மேலே மிதந்து வந்தால் பானம் பதமாகிவிட்டது என்று பொருள். நம் நாட்டில் இதற்குமேல் சான்று கேட்பவர் எவருமில்லை. ஆனால் சென்ற ஆண்டு புட்டி ஒன்று வெடித்து அதன் மூடி பாதிரியாரின் மூக்குக்கண்ணாடியை உடைத்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மறக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் அந்த வெடியோசை என் கனவில் கேட்டது. ஆகவே இம்முறை அறுபது புட்டிகளையும் நிரப்பி, காற்று வெளியேறட்டும் என்று மூடிகளைத் தளர்த்தியே வைத்தேன். நீராவிக் குளியலறையான சௌனாவின் உடைமாற்றும் அறையில், சுவரின் வெதுவெதுப்பில், ஏப்ரல் ஏழாம் நாளே வரிசையாக அடுக்கினேன். ஒரு வாரம் கழிந்தது. திராட்சைகள் அடியிலேயே கிடந்தன. சர்க்கரை போதவில்லை போலும் என்று புட்டிக்கு இரண்டு கரண்டி சேர்த்தேன். மீண்டும் ஒரு வாரம், எழவில்லை. நொதியையும் சர்க்கரையையும் சேர்த்தேன். சைமாவும் நானும் புதனும் சனியும் சௌனாவில் நீராடினோம். புட்டிகளும் எங்களோடு வியர்த்தன. மூன்றாம் வாரம் மூன்றாம் முறையும் சேர்த்தேன். சைமா வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"ஒரு வாய் குடிச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்ல?"

"சங்கத் தலைவன் பதமறியாத பானத்தை வாயில் வைப்பதா? திராட்சை சொல்லட்டும்."

"திராட்சைக்கு வாய் இருந்தா ஏற்கெனவே உளறியிருக்கும்."

எடுத்துச் செல்ல வேண்டுமே என்று விழாவுக்கு முதல்நாள் மாலை மூடிகள் அனைத்தையும் இறுக்கினேன். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அறுபது புட்டிகளிலும் திராட்சைகள் படைவீரர்போல் மேலே நின்றன. என் கண்கள் கலங்கின. அடைபட்ட காற்று தூக்கியதை நான் பதம் என்று நம்பினேன். தளர்ந்த மூடியின் கீழ் மூன்று வாரமும் காற்றுதான் ஓடிப்போனது, சர்க்கரை ஓயாமல் வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது என்னும் பேருண்மை எனக்குப் பின்னரே விளங்கியது. விளக்கியவர் வில்ஹோ.

வில்ஹோவைத் தாங்கள் அறிய மாட்டீர்கள். மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டும் வேலை பார்த்தவர். முப்பதாண்டு குடித்து, மார்ச்சு மாதம் குடியை விட்டு, எங்கள் சங்கத்தில் சேர்ந்தார். அவர் சட்டையில் சின்னத்தைக் குத்தியவன் நான்.

விழா மண்டபத்தில் நாற்பது பேர். நான் மேடையேறினேன். "மதுவென்னும் மாநோய்" என்று தொடங்கினேன், கைதட்டினார்கள். அத்தான், முப்பத்தோராண்டில் என் முதல் வரிக்கு எவரும் கைதட்டியதில்லை. குடியால் குலைந்த குடும்பத்தைச் சொன்னேன். கோப்பைகளை உயர்த்தி வாழ்த்தினார்கள். தொண்டை வறண்டது, நானும் ஒரு கோப்பை அருந்தினேன், பின்னும் மூன்று அருந்தினேன், சொற்கள் தாமே வந்தன, அத்தகைய சொற்கள் எனக்கு என்றும் வந்ததில்லை. செயலாளர் ரௌஹா அம்மையார், சங்கத் தணிக்கையாளரின் இறுதிச் சடங்கிற்குப் பின் சிரித்தே அறியாதவர், காலணியைக் கழற்றிவிட்டு ஓத்தோவை டாங்கோ நடனம் ஆட இழுத்தார். ஓத்தோ ஆடிக்கொண்டே மேடையருகே வந்து என்னிடம் சொன்னார்: "தலைவரே, இந்த வருசம் எலுமிச்ச ரொம்ப நல்லா விளைஞ்சிருக்கு போல." பாதிரியார் அடுத்த புட்டியைத் திறந்துகொண்டே, "பேச்ச நிறுத்தாதீங்க, நீங்க பேசப் பேசத் தாகமா இருக்கு" என்றார்.

வில்ஹோ மட்டும் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார், முகர்ந்தார், அப்படியே சன்னலோரப் பூந்தொட்டியில் ஊற்றினார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பேச்சை முடித்து, கதவுவரை சுவரைப் பற்றிக்கொண்டே சென்றேன். படியில் அமர்ந்திருந்தார்.

"வில்ஹோ, ஏன் வெளியே வந்துவிட்டீர்கள்?"

"தலைவரே, இது சீமா இல்ல. கில்யு, வீட்டுச் சாராயம். முப்பது வருசம் வாளியில சர்க்கரத்தண்ணி ஊறப் போட்டவன் நான். என்னோடது கூட இவ்வளவு நல்லா வந்ததில்ல."

"எலுமிச்சை இருக்கிறதே. திராட்சை இருக்கிறதே."

"நாங்களும் காட்டுல உருளைக்கிழங்கப் போட்டுட்டு, அதிகாரி வந்தா இது கில்யு இல்ல, வீட்டு ஒயின்னு சொல்லித் தப்பிக்கப் பாப்போம். அதிகாரி சிரிச்சதே இல்ல." தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். மோந்தே சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலை என் தலைக்குள் மரம் அறுக்கும் ஆலை ஓடியது. அன்று முதல் அச்சம் என்னைத் தின்கிறது. சர்க்கரைத் தண்ணீரைச் சாராயமாக்கியவன் என்று ஓத்தோ பிடிப்பாரா. அல்லது தானும் ஆறு கோப்பை அருந்தியதால் முதலில் தன்னையே பிடித்துக்கொள்வாரா. வில்ஹோ மண்டபத்தில் எழுந்து நின்று ஊரறியச் சொல்வாரா. சொன்னால் நான் எந்த முகத்தோடு அந்த மேடையில் நிற்பேன்? எஞ்சிய ஒரே புட்டியைப் பழந்துணியில் சுற்றி, இன்று காலைப் பேருந்து ஓட்டுநரிடம் தங்களுக்குக் கொடுத்தனுப்பியுள்ளேன். கடையின் பின்னறையிலுள்ள கருவியால் அளந்து, மது உண்டா இல்லையா என ஒரே ஒரு வரி எழுதுங்கள். உண்டு என்று எழுதினால் வெள்ளிக்கிழமை செயற்குழுவில் நானே எழுந்து உண்மையை உரைப்பேன். வெள்ளிச் சின்னத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பேன். வில்ஹோவின் கையைப் பற்றி, "இம்மன்றத்தில் மதுவை மறுத்தவர் இவர் ஒருவரே" என்று முழங்குவேன். வாய்மையைக் காட்டிலும் பெரிய பதவி எனக்கு வேண்டாம்.

தமக்கையாருக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு என் வாழ்த்தும், தங்கள் இல்லத்தில் அமைதி என்றும் தங்குக என்னும் வேண்டுதலும்.

தங்கள் அன்பிற்கும் மன்னிப்பிற்கும் உரிய
ஈவாரி

பின்குறிப்பு: இதை உறையிலிடும் முன்னரே செயற்குழு முழுவதும் என் வீட்டுக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரை அவர்களுக்கும் உறக்கம் பிடிக்கவில்லையாம். காவலர் ஓத்தோவையும் வில்ஹோவையும் அழைத்து வந்திருந்தார்கள். சைமா காப்பி ஊற்றினாள். நான் எழுந்து, "அன்று நாம் அருந்தியது" என்று தொடங்கினேன். ரௌஹா அம்மையார் கையுயர்த்தி என்னை நிறுத்தினார்.

"சீமா. வேற எதுவா இருந்தாலும் அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க யாரும் அந்தச் சுவையே அறியாதவங்க. சாராயம்னு ஒருத்தர் சொன்னா, அவர் முன்னாடி குடிச்சிருக்கார்னு அர்த்தம். இங்க யாராவது அப்படிச் சொல்றீங்களா?"

ஓத்தோ காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் அவர் சர்க்கரை போட்டிருக்கவில்லை. நானும் அமர்ந்துவிட்டேன், அத்தான்.

எல்லாரும் வில்ஹோவைப் பார்த்தார்கள். அவர் சின்னத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "குடிய விடணும்னுதான் உங்க சங்கத்துக்கு வந்தேன். இங்கயே இருந்தா மறுபடி பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, சைமாவுக்கு மட்டும் நன்றி கூறிப் போய்விட்டார்.

ஆகவே புட்டி வந்து சேர்ந்தால் திறக்க வேண்டாம், அளக்க வேண்டாம், எனக்கு எதுவும் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தை அடுப்பிலிடுங்கள். வில்ஹோவின் விலகல் ஒருமனதாக ஏற்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் "மனவுறுதிக் குறைவு" என்று ரௌஹா அம்மையார் எழுதினார். தலைவன் என்ற முறையில் அதன்கீழ் நான் கையொப்பமிட்டேன்.